வெறுமனே திரும்பாத கலங்கள்

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து வெகுநேரமாகிவிட்டது. தூத்துக்குடி வானத்தில் இந்நேரம் மீள்கலங்கள் கூட்டமாகப் பறந்து வந்திருக்க வேண்டும். காக்கைகள்தான் பறந்தன.

மொட்டை மாடியில் அண்ணாந்து பார்த்துப் பார்த்துச் செண்பகவல்லிக்குக் கழுத்து வலித்தது. தனியாக வாழும் முதியவர்களுக்கு இலவசமாகச் சோறு அனுப்பும் சமையற்கூடம் அவளுடையது. கீழே சமையல், மேலே ஓர் அறையில் அவள் மட்டும். ஊருக்கெல்லாம் சோறு அனுப்பிவிட்டு அவள் நின்றபடியே டீ குடித்து மதியத்தை ஓட்டிவிடுவாள்.

இதுவரை பிளாஸ்டிக் டப்பாவில் அனுப்பினார்கள், தெருவெல்லாம் குப்பை. அன்றுதான் மீள்கலத்துக்கு மாறினார்கள். எவர்சில்வர் உடம்பு, மடக்குச் சிறகு, அடியில் எடையுணரி. உள்ளே இருப்பது தீர்ந்ததும் தானே பறந்து வந்துவிடும் என்றார்கள். ஒன்றுகூட வரவில்லை. டப்பாக்களையோ எடைக்குப் போட்டாயிற்று. நாளைக்குச் சோறு எதில் போகும்?

"உங்க கலம் பழுது, தம்பி," என்றாள், அதைச் செய்த இன்பராஜிடம்.

"பழுதே இல்லக்கா. உள்ள ஒரு பருக்கை இருந்தாலும் கிளம்பாது. சாப்பிடுதவங்கள அவசரப்படுத்தக் கூடாதுன்னு நான்தான் அப்படி வச்சேன்."

"அப்ப ஒருத்தரும் சாப்பிடலயா? என் சமையலு அவ்வளவு மோசமா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் பக்கத்துத் தெரு ரோசலின் டீச்சர் வீட்டுக்கு ஓடினார்கள்.

மேசையில் கலம் பளபளவென்று கழுவித் துடைத்து இருந்தது. திறந்தால் உள்ளே நான்கு முந்திரி மக்ரூன் மிட்டாய்.

"சோறு அருமைம்மா. ஆனா இது போவ மாட்டேங்கு," என்றார் டீச்சர். "சோறு வந்த பாத்திரத்த யாராவது வெறுமனே குடுத்து விடுவாவளா?"

அடுத்த வீட்டுக் கலத்தில் ஒரு கை சீனி. அதற்கடுத்த வீட்டில் முருங்கைக்கீரை. தூக்கிப்போடும் டப்பாவுக்கு யாரும் பதில் மரியாதை செய்ததில்லை. எவர்சில்வர் வந்ததும் அது சொந்தக்கார வீட்டுப் பாத்திரமாகிவிட்டது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இன்பராஜ் அங்கேயே உட்கார்ந்து கட்டளையை மாற்றினான்: எடை இருந்தாலும் பரவாயில்லை, மூடியை ஒருமுறை திறந்து மறுபடி மூடியிருந்தால் கிளம்பு. சாயங்காலம் வானமே மினுங்கியது. அவித்த முட்டை, நார்த்தங்காய் ஊறுகாய், சுடச்சுட மீன்குழம்பு என்று மாடி நிறைந்தது. சமையற்கூடத்து ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், செண்பகவல்லி உட்பட.

மறுநாள் காலை கலங்களை வழிநடத்தும் கணினி ஒரு புதிய பயனாளியைச் சேர்த்திருந்தது. உணவோடு கலம் இறங்கும் முகவரியில் பசித்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது அதன் கணக்கு. பெயர், செண்பகவல்லி. தனியாக வசிப்பவர்.

இன்பராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா சேத்துட்டுக்கா. அழிச்சிரட்டா?"

அவள் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"இருக்கட்டும் தம்பி. அது ஒண்ணும் தப்பா சொல்லலயே."