சத்தமில்லாமல் விழ வேண்டும்

அப்பா சாரத்திலிருந்து விழுந்த பிறகு சுண்டுவின் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அப்பா கட்டடங்களுக்கு பெயிண்ட் அடிப்பவர். இப்போது ஒரு காலில் தொடைவரை மாவுக்கட்டு. எந்நேரமும் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். பத்து கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். சில நாள் அதுவும் வராது.

இந்த நேரம் பார்த்துத்தானா பள்ளியில் அந்தப் போட்டி வர வேண்டும்? முட்டையை ஒரு கூட்டுக்குள் வைத்து மாடியிலிருந்து போட வேண்டும். முட்டை உடையக் கூடாது.

"கூடு எடை கம்மியா இருக்கணும். பாறாங்கல்லைத் தூக்கிட்டு வந்துடாதீங்க" என்று சொல்லியிருந்தார் அறிவியல் டீச்சர்.

வீட்டில் எங்கே திரும்பினாலும் காலி பெயிண்ட் டப்பாக்கள். சுண்டு ஒன்றை எடுத்துப் பழந்துணியை அடைத்தாள். நடுவில் முட்டையை வைத்து மூடினாள். வெளிப்படிக்கட்டின் உச்சியில் ஏறி நின்று கீழே போட்டாள்.

தடால்!

உள்ளேயிருந்து அப்பா அலறினார்.

சுண்டு பதறிப்போய் ஓடினாள். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தார்.

"அன்னைக்கும் டப்பாதான் முதல்ல விழுந்துச்சு" என்றார்.

அடுத்து விழுந்தது யார் என்று சுண்டு கேட்கவில்லை.

மாலையில் வேலை முடிந்து வந்த அம்மா, டப்பாவுக்குள் கூழாகிக் கிடந்த முட்டையைப் பார்த்தார்.

"போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே இந்த வீட்டுல எதுவும் விழக் கூடாது."

"சத்தம் வராம போட்டா?"

"சத்தம் வராம எதுடி விழும்?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சுண்டு அந்தக் கேள்வியை விடவில்லை. முட்டையைக்கூட மறந்துவிட்டாள். அப்பாவுக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக முழங்கால் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தாள். அட்டைப்பெட்டி 'டொப்' என்றது. வேண்டாம். துணி மூட்டை 'தொப்' என்றது. அதுவும் வேண்டாம். கனமாக இருந்தவை எல்லாமே சத்தம் போட்டன. கனத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஸ்ட்ராக்களை ஒட்டி ஒரு கூண்டு செய்தாள்.

கூண்டுக்குள் எதிலும் இடிக்காமல் முட்டை தொங்க வேண்டுமே! அலமாரியில் அப்பாவின் சாக்ஸ் ஒன்று சும்மா கிடந்தது. கட்டுப் போட்ட காலுக்கு உரியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே முட்டையை அதற்குள் போட்டு, ரப்பர் பேண்டுகளால் கூண்டின் மூலைகளில் கட்டினாள். மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் குடை மாதிரி நூலால் இணைத்தாள்.

"ஒரே ஒரு தடவைம்மா" என்று கெஞ்சினாள்.

அம்மா கூண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். காற்றைப் பிடித்த மாதிரி இருந்தது.

"சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். தூக்கிப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

சுண்டு படியேறினாள்.

"அப்பா, போடப் போறேன். பயந்துக்காதீங்க!"

கூண்டை விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் குரல் கேட்டது. "என்ன, இன்னும் போடலையா?"

"போட்டுட்டேன்ப்பா!"

"எப்போ?"

"விழுந்தே போச்சு!"

கூண்டை அப்படியே உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினாள். சாக்ஸைப் பிரித்து முட்டையை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

அப்பா அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். "இது என் சாக்ஸ்தானே?"

"துவைச்சதுதான்ப்பா."

"முட்டை பிழைச்சுது, போ."

அம்மா களுக்கென்று சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. முட்டையை சுண்டுவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வை. என்னைக் கொஞ்சம் தூக்கி உட்கார வைங்க. இன்னொரு தடவை போடும்மா, பார்க்கிறேன்."

சுண்டு உச்சிப் படியில் நின்று கீழே பார்த்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.