நீலமாய் ஒரு சாட்சி

போன் அடித்தது.

கொடைக்கானல் போலீஸ் ஸ்டேஷனில் அதை எடுக்க யாருக்கும் தெம்பு இல்லை. மே மாதம்... சீசன் நேரம். காலையிலிருந்து தொலைந்துபோன பர்ஸ், தொலைந்துபோன நாய், ஏரிப் பக்கம் தொலைந்துபோன யாரோ ஒருவரின் மாமனார்...

இன்ஸ்பெக்டர் சேனாதிபதி சலிப்போடு ரிசீவரை எடுத்தார்.

"வில்பட்டி போஸ்ட் ஆபீஸ்லேர்ந்து பேசுறேங்க. கிழங்குக் கொட்டகையில குருநாதன் செத்துக் கெடக்கார்ங்க. யாரோ மண்டையில அடிச்சுப் போட்டிருக்காங்க."

சேனாதிபதி தொப்பியை எடுத்தார். இந்த வருடத்தில் மூன்றாவது கொலை. முழங்கால் வலித்தது.

உருளைக்கிழங்குக் குவியல் மேல் குப்புறக் கிடந்தார் குருநாதன். நாற்பது வயது. பக்கத்தில் மண்வெட்டி... அதன் இரும்பில் ரத்தம்.

தம்பி ஆண்டிச்சாமி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதான்.

"எங்க அண்ணி தமயந்திதாங்க. அண்ணனுக்கும் அவளுக்கும் ஆகாது. மூணு வருசமா தனித்தனிப் படுக்கை. இன்னைக்கு ஒன்பது மணி வாக்குல, இந்தக் கொட்டகையிலேர்ந்து துணி மூட்டையோட ஓடுனா. என் கண்ணால பாத்தேன்."

"இப்ப எங்கே?"

"ஓடிப்போனவ எங்கேன்னு எனக்கெப்படிங்க தெரியும்?"

தேடவே வேண்டியிருக்கவில்லை. ஜீப் திரும்பும்போது, எதிரே கொடைக்கானல் பக்கமிருந்து அவளே நடந்து வந்தாள். கக்கத்தில் துணி மூட்டை.

விஷயத்தைச் சொன்னார்கள்.

அவள் கத்தவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்தார் சேனாதிபதி.

"காலையில எங்கம்மா போயிருந்தீங்க?"

"சந்தைக்குங்க."

"இன்னைக்குச் சந்தை இல்லையே."

அவள் மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஏட்டு மூட்டையைப் பிரித்தார். பழைய சேலையைக் கிழித்து மடித்த துண்டுகள். பாதி ஈரம். ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

ஆனால்... ஈரத் துண்டுகள் எல்லாம் நீலமாக இருந்தன.

"சாயப் பட்டறைக்குப் போனீங்களா?"

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயா..." ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "பெஞ்சுக்குக் கீழ பாருங்க."

சொட்டு... சொட்டாக... நீலம்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சேனாதிபதி எல்லோரையும் வெளியே அனுப்பினார். தன் மழைக் கோட்டை எடுத்து அவள் மடியில் போட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் உங்களைப் பாக்கலை. மெதுவாச் சொல்லுங்க."

முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கடைசிப் பிரசவத்துல மூணு நாள் வலிங்க. புள்ளை தங்கலை. அன்னையிலேர்ந்து ஒண்ணுக்கு நிக்கவே இல்லை. தானா வடியுது. நாத்தம்னு அவரு ஒதுங்கலைங்க. நாந்தான் தனியாப் படுத்துக்கிட்டேன். சீசனுக்கு மதுரையிலேர்ந்து ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க. இதுக்குன்னே படிச்சவங்களாம். அங்கதான் போனேன்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? கொலைப் பழி விழுதும்மா."

"விழட்டுங்க. ஊரு இதைப் பேசுறதுக்கு அது தேவலை."

டாக்டரம்மா தங்கியிருக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்பினார் சேனாதிபதி.

ஏரிக்கு மேலே, வாடகைப் பங்களா. டாக்டர் ஜஹனாரா கை கழுவிக்கொண்டிருந்தார். சேனாதிபதியைவிடக் களைத்திருந்தார். கொலைச் செய்தியைக் கேட்டதும் குழாயை மூடினார்.

"எட்டு மணியிலேர்ந்து உச்சி வரைக்கும் இங்கதான் இருந்தாங்க, இன்ஸ்பெக்டர். சிறுநீர்ப்பையில நீல மருந்து ஏத்திப் பாத்தேன். பிரசவத்துல விழுந்த ஓட்டை எங்கேன்னு தெரியணுமே. இன்னைக்குப் பூரா நீலமாத்தான் போகும்."

"புருசன் வெறுத்து ஒதுக்கிட்டான்னு அவன் தம்பி சொல்றான்."

டாக்டர் துண்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வெறுத்தவரா? போன வாரம் அவரு தனியா வந்தாரு. 'இங்க வர்றதுக்கு முன்னாடி அவ என்னென்ன தெரிஞ்சுக்கணும், நான் சொல்லிக் கூட்டியாறேன்'னு கேட்டாரு. பொண்டாட்டிக்காக ஒரு ஆம்பிளை இப்படி வந்து கேட்டதை நான் பாத்ததே இல்லை."

"என்ன சொன்னீங்க?"

"எத்தனை பிரசவம், எவ்வளவு நேரம் வலி, படுத்தா வடியுதா, நடந்தா வடியுதா... யோசிச்சு வச்சுக்கட்டும்னேன். நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தா மறைக்க வேணாம். நனையும்னு பயந்து தண்ணி குடிக்கிறதை நிறுத்திடறாங்க. அது தப்பு, எரிச்சலும் நாத்தமும்தான் கூடும். மாத்துத் துணி எடுத்துட்டு வரட்டும். சோதனை நடுவுல வேணாம்னு தோணினா சொல்லட்டும், நிறுத்திடுவேன். முக்கியமா, இது அவங்க பண்ணின தப்பு இல்லைன்னு சொல்லுங்கன்னேன்."

"சொன்னாரா?"

"அத்தனையும். அந்தம்மா இன்னைக்கு வரிசையா ஒப்பிச்சாங்க."

டாக்டர் துண்டை எடுத்து மடித்தார்.

"ஆபரேஷன் பண்ணினா சரியாகும். அதுக்காக மேல் வயலை வித்துடறேன்னாரு. அவர் ஏன் கூட வரலைன்னு அந்தம்மாகிட்டக் கேட்டேன். தம்பிகிட்ட இன்னைக்குக் காலையிலதான் வயல் விஷயம் பேசப் போறாராம்."

சேனாதிபதி எழுந்தார்.

"ஆபரேஷன்?"

"காரியம் முடியட்டும். நானே மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். வயலை யாரும் விக்க வேணாம்."

வில்பட்டியில், உறவுக்கூட்டத்தின் நடுவே இருந்த ஆண்டிச்சாமியை ஜீப்புக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார் சேனாதிபதி.

"ஒன்பது மணிக்கு உங்க அண்ணி டாக்டர்கிட்ட இருந்தாங்க."

ஆண்டிச்சாமியின் வாய் திறந்தது.

"அவளா சொன்னா?"

"ஏன், சொல்ல மாட்டாங்களா?"

"செத்தாலும் சொல்ல மாட்டாளேன்னு..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் போதும்.

"அப்ப அவங்க எங்க போனாங்கன்னு உனக்குத் தெரியும்," என்றார் சேனாதிபதி மெதுவாக. "வெட்கப்பட்டு வாயைத் தொறக்க மாட்டாங்கன்னும் தெரியும். தூக்குமேடை வரைக்கும் பேசாமப் போயிடுவாங்கன்னு கணக்குப் போட்டுத்தான் பழியைப் போட்டே."

ஆண்டிச்சாமி சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"மேல் வயலு எங்கப்பன் மலையை வெட்டித் தட்டுத் தட்டாப் போட்டதுங்க. ஒருத்தி ஒண்ணுக்குப் போறதுக்காக அதை விக்கிறேங்கிறான்... மண்வெட்டி கையில இருந்துச்சு..."

ஏட்டு விலங்கை மாட்டினார். உறவுக்கூட்டம் ஜீப்பைச் சூழ்ந்துகொண்டது.

"ஐயா," ஆண்டிச்சாமி கெஞ்சினான், "மத்ததை இத்தனை பேருக்கு முன்னாடி எப்படிங்க சொல்றது?"

சேனாதிபதி கொட்டாவி விட்டபடி ஜீப்பில் ஏறினார்.

"ஸ்டேஷனுக்கு வா. கதவைச் சாத்திட்டுக் கேக்குறோம். எப்ப ஆரம்பிச்சது, எத்தனை தடவை அடிச்சேன்னு வெட்கப்படாமச் சொல்லு... டாக்டரம்மா மாதிரி நாங்களும் ஸ்பெஷலிஸ்ட்தான்."