கிளைவின் சாய்வு நாற்காலி

சமையலறைத் தரையில் செத்துக் கிடந்த சுண்டெலியின் மூக்கில் ரத்தம் இருந்தது. டோரீனுக்கு அது பிடிபடவில்லை. கோதுமை வயல்களிலிருந்து கிளம்பி அந்த வருஷம் ஊரையே மொய்த்த எலிகளுக்குக் கொட்டகையில் மட்டும்தான் மருந்து வைத்திருந்தார்கள். சுவருக்குள் புகுந்து செத்து நாறும் என்று வீட்டுக்குள் அவள் வெறும் பொறிகளோடு நிறுத்திக்கொண்டாள். வீட்டு எலி எங்கே போய் எதைத் தின்றது?

"மாத்திரை முழுங்கிட்டியா, கிளைவ்?"

"முழுங்கியாச்சு, தாயே! தினம் போலீஸ் விசாரணைதான்," என்று முணுமுணுத்தபடி புருஷன் டீக் கோப்பையோடு பின் வராந்தாவுக்குப் போனான்.

மூன்று மாதம் முன்பு நர்ஸ் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்து முகம் மாறினாள். இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது, உள்ளே ரத்தம் உறைந்து மூளைக்கு ஏறினால் பக்கவாதம், ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்றாள். டப்பாவில் பெயரைப் படித்ததும் கிளைவ் சிரித்தான். "கொட்டகைல எலிக்கு வைக்கிறதும் இதுதானே? என்னையும் எலின்னு நெனச்சுட்டாளா?" அன்றிலிருந்து தினமும் மாத்திரை அவன் வாய்க்குள் போவதை டோரீன் நின்று பார்த்தாள்.

வரவேற்பறைக்குள் நுழைந்ததுமே எலி மூத்திரமும், அழுகிய இனிப்பு போன்ற ஏதோ ஒன்றும், அவன் தலையெண்ணெயும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது; மூக்கைச் சுளித்துக்கொண்டு தேடியவளை அது அவனுடைய சாய்வு நாற்காலியிடம் கொண்டுபோய் நிறுத்தியது. உள்ளே கீறும் சத்தம். மெத்தை இடுக்கில் கையை விட்டாள்.

ஈரம். பிய்ந்த பஞ்சு. விரலில் ஏதோ நெளிந்தது.

இழுத்தாள். கண் திறக்காத ரோஸ் நிறக் குஞ்சுகள். நடுவே மாத்திரைகள். எச்சிலில் ஊறியவை, பல் பட்டவை, பாதி தின்றவை. மூன்று மாதத்து மாத்திரைகள்.

எலிகளைவிட அவன் மேல்தான் அருவருப்பு. நாக்குக்கு அடியில் பதுக்கி இங்கே துப்பிவிட்டு, அதே வாயால் தினம் அவளுக்கு முத்தம் கொடுத்திருக்கிறான்.

"கிளைவ்!"

கோப்பை உருளும் சத்தம்.

வராந்தாவுக்கு ஓடினாள். அவன் உட்கார்ந்துதான் இருந்தான். முகத்தில் பாதி சரிந்திருந்தது. கடைவாயில் டீ வழிந்தது. சட்டை மேல் ஒரு எலி, மோவாயை நக்கியபடி.

அவன் கை அதைத் தட்டிவிடவில்லை.

எலி மேலே ஏறியது. தொங்கிய உதட்டை மோந்தது. தலையை உள்ளே விட்டது.

அவன் கண்கள் டோரீனையே பார்த்தன. வாய் மூடவில்லை.