கடலைப் பார்த்து வைத்த மெசின்

சனிக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். கல்முனைக்குடியில் அரிசி ஆலை நடத்திய முகைதீன்பாவா தன் வீட்டு முன்னறையில் மௌத்தாகி, உயிரற்றுக் கிடந்தார். அவர் வாங்கி ஒரு கிழமைகூட ஆகாத நடை மெசின், மேலே ஆள் இல்லாமல் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் கண்டவர் பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்புப் புண்ணியமூர்த்தி. மெசினுக்குக் கரண்ட் இழுத்துக் கொடுத்த வயர்மேன் அவர்தான். அவர் போட்ட கூக்குரலில் மனைவி ஆயிஷா உம்மாவும் மகள் சுஹறாவும் குசினியிலிருந்து ஓடிவந்தார்கள். மனிதர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டார். மெயின் சுவிட்சை நிறுத்தும் வரை ஒருவரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று அதட்டினார். ஆயிஷா உம்மா வாசலிலேயே மயங்கி விழுந்தார். புண்ணியமூர்த்தி மெயினை நிறுத்திவிட்டு, எதிர்வீட்டு அபுல் ஹஸனைக் கூட்டிவர ஓடினார்.

இரண்டு பெண்களின் உயிரைக் காப்பாற்றிய அந்தக் கைகளுக்கு ஒரு மணி நேரத்தில் விலங்கு விழுந்தது.

அபுல் ஹஸன் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். அந்தப் பகுதிக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரியும் அவர்தான். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் காக்கா, அண்ணன். குடல் புண்ணும் முன்கோபமும் உள்ளவர். மௌத்து வீட்டில் யார் தேநீர் நீட்டினாலும் முறைப்பார். அன்று வந்து பார்த்தபோது அவர் முறைக்கவில்லை. முகைதீன்பாவா அவருடைய பால்ய சிநேகிதர்.

முகைதீன்பாவா தலை வடக்கே, முகம் மேற்கே தொழும் திசையான கிப்லாவைப் பார்க்க, வலப்பக்கமாகச் சரிந்து அமைதியாகக் கிடந்தார். கண்கள் மூடியிருந்தன. சாரன் கணுக்கால்வரை இறங்கியிருந்தது. வலது உள்ளங்கையில் மட்டும் கருகிய ஒரு கோடு. அபுல் ஹஸன் இன்னாலில்லாஹி சொன்னார். நல்ல மௌத்து என்று மனதுக்குள் ஆறுதல்பட்டார். அந்த ஆறுதல்தான் அவர் கண்ணை அரை நாள் கட்டிப்போட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து பிளக்கைக் கழற்றிக் காட்டினார். எர்த் வயர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அதைக் கரண்ட் வரும் முனையில் முறுக்கி வைத்திருந்தது ஒரு கை. சுவிட்சைப் போட்டதும் மெசினின் இரும்புப் பிடி முழுவதிலும் கரண்ட். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்த ஈரக்காலோடு சிமெந்துத் தரையில் நின்று பிடியைத் தொட்டவர் தப்பவே முடியாது. முகைதீன்பாவா வீட்டில் விடியல் சுபஹுத் தொழுதுவிட்டு, கால் காயுமுன்னே மெசினில் ஏறுபவர்.

“வெள்ளிக்கிழமை பின்னேரம் இந்த அறையில் தனியே நின்றவன் இவன்” என்றார் இன்ஸ்பெக்டர். மெசின் பட்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அதை இறுக்கத்தான் வந்தேன், காலையில் வந்து மறுபடி பார்க்கச் சொன்னதும் முதலாளிதான் என்று புண்ணியமூர்த்தி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. பின்னேரம் இராணுவ முகாமிலிருந்து ஆட்கள் வருவார்கள், அவர்களிடம் ஒப்படைத்துவிடுவேன் என்று முடித்துவிட்டார்.

அது எண்பத்தாறாம் ஆண்டு. முகாமுக்குப் போன பாண்டிருப்புப் பொடியன்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று அபுல் ஹஸனுக்குத் தெரியும். புண்ணியமூர்த்திக்கும் தெரியும். அவர் அழவில்லை, வாதாடவுமில்லை. ஜீப்பில் ஏறுமுன் திரும்பி, “ஐயா, முதலாளியக் கண்டதும் நித்திரை கொள்ளுறார் எண்டுதான் நினைச்சன். அப்பிடித்தான் கிடந்தார். பிறகுதான் உள்ளங்கைக் கருகல் தெரிஞ்சுது. நான் கிட்டப் போகவேயில்ல” என்றார்.

பின்னேரத்துக்குள் உண்மையைப் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு மையித்து இரண்டாகிவிடும்.

உடலை உள்ளறைப் பாயில் கிடத்தி, வெள்ளை போர்த்திய பிறகுதான் மருமகன் ஜவுபர் வந்து சேர்ந்தான். தேடிப்போன ஆட்கள் அவனைக் கடற்கரை வீதியில் கண்டு கூட்டிவந்தார்கள். தாயும் தகப்பனும் இல்லாத அவனை, தங்கச்சி மகன் என்று சின்ன வயதிலிருந்தே வளர்த்து, தன் ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தவர் முகைதீன்பாவா. நாலு வருஷம் குவைத்தில் ஏசி மெசின் பூட்டிவிட்டு வந்தவன் அவன். நடை மெசினை யோசித்ததும் அவன்தான்.

அதற்கும் காரணம் இருந்தது. சீனி வருத்தக்காரரான முகைதீன்பாவாவைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்குத்தர். அவரும் சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் நடந்துகொண்டுதானிருந்தார். துப்பாக்கிச் சூடும் சுற்றிவளைப்புமாய்க் கரைச்சல் காலம் வந்ததும் விடியலில் கடற்கரைக்குப் போக ஆளில்லை. சுபஹுத் தொழுகையில் சலாம் கொடுத்து முடித்த கையோடு, பாங்கு சொல்லும் மோதினார் பள்ளிவாசல் கதவைப் பூட்டி, எல்லோரையும் வீட்டுக்கு விரட்டுவார். கடைசியில் மருமகன் கொழும்பில் விசாரித்து, ஜப்பான் மெசின் ஒன்றை நெல் லொறியில் ஏற்றி வந்தான். பெட்டியை நாலு பேர் தூக்கினார்கள். தெருவே கூடி, இருந்த இடத்தில் நடக்கிற மனிசனைப் பார்த்துச் சிரித்தது. ஜன்னலுக்கு நேரே, கடல் தெரிகிற மாதிரிதான் வைக்கவேண்டும் என்று முகைதீன்பாவா அடம்பிடித்தாராம். இழந்த நடையை அப்படியாவது மீட்டுக்கொள்ள ஆசைப்பட்டார் பாவம்.

அபுல் ஹஸன் விறாந்தையில் கதிரையைப் போட்டு ஒவ்வொருவராய்க் கூப்பிட்டார்.

ஆயிஷா உம்மாவிடமிருந்து அதிகம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மாமனும் மருமகனும் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் கதைத்ததையும், பகல் சோற்றை இருவரும் தொடாததையும் மட்டும் சொன்னார்.

சுஹறா அழுது களைத்துப் போயிருந்தாள். காலையில் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்ததாகவும், மெசின் இரைச்சல் கேட்டதால் வாப்பா நடக்கிறார் என்று நிம்மதியாக இருந்ததாகவும் சொன்னாள்.

“விடாமக் கேட்டுதா?”

“நடுவுல கொஞ்சம் நிண்டுது காக்கா. பிறகு திரும்ப ஓடிச்சு. வாப்பா தண்ணி குடிக்கிறாராக்கும் எண்டு நினைச்சன்.”

“வாப்பாவ ஆராச்சும் தொட்டீங்களா?”

“இல்ல. புண்ணியமூர்த்தி விடல்ல. அதுக்குள்ள நீங்க வந்திட்டீங்க.”

அபுல் ஹஸன் எழுந்து முன்னறைக்குப் போனார். மெசினையும் தரையையும் வெறித்துப் பார்த்தார். காலையில் தான் ஆறுதல்பட்டது ஞாபகம் வந்து, தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

அடுத்து ஜவுபர். பள்ளியில் சுபஹுத் தொழுதுவிட்டு, அங்கேயே இருந்து வெயில் வரும் வரை குர்ஆன் ஓதியதாகச் சொன்னான். அதன் பிறகு கடற்கரை வீதியில் நடந்தானாம். அபுல் ஹஸனும் அன்று அதே பள்ளியில்தான் தொழுதார். மோதினார் துரத்தாத குறையாக எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினார். அவர் அதைச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னார்.

“ஜவுபர், மாமா போன கோலத்த எழுதவேணும். கால் ரெண்டும் கிப்லாப் பக்கம் நீட்டி, கண் திறந்தபடி, உடுப்பு விலகி, பார்க்க ஏலாத மாதிரிக் கிடந்தாரு எண்டு எழுதப் போறன். ஊர் முழுக்க அதுதான் கதைக்கும்.”

ஜவுபரின் முகம் வெளிறியது.

“அப்பிடி எழுத வேணாம் காக்கா.”

“ஏன்? அப்பிடித்தானே கிடந்தாரு?”

“இல்ல. நான் அவர அப்பிடி விடல்ல.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. உள்ளறையில் விசும்பிக்கொண்டிருந்த சுஹறாவின் சத்தம் சட்டென்று நின்றது. அவளும் கேட்டுவிட்டாள்.

இன்ஸ்பெக்டருக்கு ஆள் அனுப்பினார் அபுல் ஹஸன். அவர் வந்ததும் விறாந்தையில் நின்றபடியே விளக்கினார். பிடியை முதலில் தொட்டதுமே ஆள் விழுந்திருப்பார். அதன் பிறகு மெசின் ஒரு தடவை நின்று திரும்ப ஓடியிருக்கிறது. செத்தவர் எழுந்து சுவிட்சைப் போடமாட்டார். அப்படியானால் ஆரோ வந்து, கரண்டை நிறுத்தி, உடலைத் தொட்டு, வந்தது தெரியாதபடி திரும்பவும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“தொட்டது எதுக்கு?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“கண்ண மூட. முகத்தக் கிப்லாவுக்குத் திருப்ப. சாரன இழுத்து விட. மையித்துக்கு நாங்க செய்யுறது அதுதான் சேர். கரண்ட் அடிச்சு விழுந்தவரு அவ்வளவு ஒழுங்காக் கிடக்கமாட்டாரு. கிடக்க வேண்டிய மாதிரியே கிடந்ததால, எங்க ஒருத்தர்ட கண்ணிலயும் அது பிழையாத் தெரியல்ல. எனக்கும்தான்.” கடைசிச் சொல்லை அவர் கசப்போடு சொன்னார். “புண்ணியமூர்த்திக்குக் கிப்லாவுக்குத் திருப்பத் தெரியா. செஞ்சவன் எங்கட ஆள். அவரில உயிரா இருந்த ஆள்.”

ஜவுபர் எதையும் மறுக்கவில்லை. கொழும்பில் அவன் இன்னொருத்தியைக் கட்டிவைத்திருந்தது முகைதீன்பாவாவுக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பள்ளி நிர்வாகத்தைக் கூட்டி மகளைப் பிரித்தெடுப்பேன், அவளுக்குச் சீதனமாக எழுதிய இந்த வீட்டை விட்டு நீ இறங்கு என்று ஜும்ஆவுக்குப் பிறகு சொல்லியிருந்தார். அன்றிரவே பிளக்கைக் கழற்றினான் ஜவுபர். புண்ணியமூர்த்தி வந்துபோன நாளாய்ப் பார்த்துத்தான் கழற்றினான். காலையில் செய்தது சரிவந்ததா என்று பார்க்கப் பள்ளியிலிருந்து திரும்பி வந்தவன், விழுந்து கிடந்தவரைக் கண்டதும் உடைந்துபோனான்.

“கண் திறந்தபடி என்னையே பாத்துட்டிருந்தாரு” என்றான். “கை தன்னால போச்சு காக்கா.”

அபுல் ஹஸனுக்கு அவனை அடிக்கவேண்டும் போலிருந்தது. அழவும் வந்தது.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னே புண்ணியமூர்த்தியை விட்டார்கள். வலது கையை அவரால் தூக்க முடியவில்லை, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மன்னிப்புக் கேட்க யாரும் இல்லாததால் அபுல் ஹஸனே கேட்டார். அதைக் காதில் வாங்காமல், முதலாளியை அடக்கியாச்சா என்று மட்டும் விசாரித்தார் மனிதர். பிறகு பாண்டிருப்புப் பக்கம் மெல்ல நடந்தார். மெசினைக் கழற்றித் தரும்படி சுஹறா ஆள் விட்டாள். அவர் வரவில்லை. பிறகு ஆலையில் வேலை செய்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடற்கரையில் போட்டார்கள்.

பொழுதுசாயும் மஃரிபுக்கு முன் ஜனாஸாவை எடுத்தார்கள். கபுறுக் குழியின் விளிம்பில் எல்லோரும் ஒரு நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆண் பிள்ளை இல்லாத மனிதர். உள்ளே இறங்கி உடலைக் கையேந்தி வாங்கி, முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பிவைக்க உரிமையுள்ள நெருங்கிய ஆண் வாரிசு ஒருவன்தான் இருந்தான். அவன் அப்போது பொலிஸ் கூட்டில் இருந்தான்.

அபுல் ஹஸன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கபுறுக்குள் இறங்கினார். முகத்தைத் திருப்ப அவர் பெரிதாகச் சிரமப்படவில்லை. கழுத்து அந்தப் பக்கமே விறைத்திருந்தது. காலையிலேயே ஒருவன் அந்தக் கடமையைச் செய்துவைத்துவிட்டான்.