அமைதியான அறை

கேட்டுச் சரிபார்க்க வேண்டிய பதிவுகளின் வரிசையில் பேச்சே இல்லாத ஒன்று கிடந்தது. நெவேனா அதை இரண்டு முறை ஓடவிட்டாள். விசிறிகளின் சத்தம் மட்டும். வீட்டு விசிறி அல்ல. பெரிய கூடம் ஒன்றில் வரிசை வரிசையாக அடுக்கிய இரும்புப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து மூச்சு விடுவதுபோல, தாழ்வாக, ஏற்ற இறக்கமில்லாமல், காதைவிடப் பல்லில் அதிகம் உறைக்கிற சத்தம். படிப்பதற்குக் கொடுத்திருந்த வாக்கியம் சாதாரணமானது: "பால் கெட்டுப்போவதற்குள் காய்ச்சிவிட வேண்டும்." அதை யாரும் படித்திருக்கவில்லை. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பதிவுகளைச் சேமித்து வைக்கும் சர்வரின் சொந்த முகவரி இருந்தது.

அந்தச் சர்வரில் மைக் கிடையாது.

மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயில் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஜன்னல் இடுக்கு வழியாக விறகுப்புகை வந்து சாப்பாட்டு மேசைமேல் படிந்துகொண்டிருந்தது. நாளெல்லாம் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது, ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை.

"நேனா! காபி வருமா, இல்ல அதையும் யாராவது இனாமா குடுக்கணுமா?" பக்கத்து அறையிலிருந்து அண்ணன் ஸ்டோயான்.

"கால் நல்லாத்தானே இருக்கு? வந்து போட்டுக்கோ."

"நான் போட்டா சர்க்கரைக்குப் பதிலா உப்பு விழும்."

"போன தடவை வேணும்னுதானே போட்ட? எனக்குத் தெரியாதா!"

அவன் சிரித்தான். "சரி, நான் இப்ப பதிவு பண்ணப்போறேன். கதவைத் தட்டாதே." கதவு மூடியது. அந்த அறையின் சுவரெல்லாம் மெத்தையும் கம்பளமும் அறைந்திருந்தது. கதவை மூடினால் உள்ளே இருப்பது வெளியே வராது, வெளியே இருப்பது உள்ளே போகாது. வீட்டிலேயே, ஒருவேளை அந்தத் தெருவிலேயே, அமைதியான இடம் அதுதான்.

ஸ்டோயானுக்குச் சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. கணினித் திரையில் இருப்பதை அவனுக்குப் படித்துச் சொல்லும் மென்பொருளை அவனும் நண்பர்களும்தான் எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு கிடையாது. அதன் மாசிடோனியக் குரல் பலபேர் தானமாகக் கொடுத்தது. ஊரெல்லாம் இருக்கிறவர்கள் ஆளுக்குச் சில வாக்கியங்களைப் படித்து அனுப்புவார்கள். நெவேனா கேட்டுவிட்டு 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று அழுத்துவாள். 'வேண்டாம்' அழுத்தினால் அனுப்பியவருக்கு ஒரு குறிப்பு தானாகப் போகும்: பின்னணியில் சத்தம் இருக்கிறது, இன்னும் அமைதியான அறைக்குப் போய் மீண்டும் படிக்கவும்.

இத்தனை நாள் பல்கலைக்கழகம் சர்வருக்கு இடம் கொடுத்திருந்தது. இந்த வாரம் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நெவேனா கெஞ்சாத இடம் இல்லை. கடைசியில் அப்பாவின் சிநேகிதர் மெதோடி, பிட்டோலாவில் பழைய தொலைபேசி நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவர், ஒரு மூலை தருகிறேன் என்றார். பாலாடைக்கட்டியும் மருந்தும் அனுப்புவதுபோலப் புதுச் சர்வரையும் அட்டைப்பெட்டியில் கட்டிப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டாள். இன்று காலை அது உயிர் பெற்று அவளுக்குப் பதில் சொன்னது. குரல்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றினாள். மாலையில் பல்கலைக்கழகம் பழையதை அணைத்து, அழித்துவிட்டது. இனி எல்லாம் புதியதில்தான். வேறு பிரதி இல்லை.

விசிறிப் பதிவுக்கு 'வேண்டாம்' அழுத்தினாள்.

காபியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்தது வந்திருந்தது. அதே முகவரி. அதே வாக்கியம். இந்த முறை விசிறி இல்லை. இஞ்சின் உறுமல், ஈரச்சாலையில் டயர்கள் இழுபடும் சத்தம், எங்கோ முன்னால் கரகரத்துப் பாடும் ரேடியோ. ஓர் ஆண்குரல் கத்தியது: "ப்ரிலெப்! பத்து நிமிஷம் நிக்கும், சிகரெட் பிடிக்கிறவங்க இறங்கிக்கங்க!" அதற்குப் பிறகு, மிக அருகில், மூச்சை உள்ளே இழுத்துப் பழக்கமில்லாத எதுவோ மூச்சை இழுத்தது.

"பா. பா. பா."

பிட்டோலாவிலிருந்து ஸ்கோப்யே வருகிற பேருந்து ப்ரிலெப்பில்தான் நிற்கும். எவனோ போக்கிரி பஸ்ஸில் உட்கார்ந்து விளையாடுகிறான், அவ்வளவுதான் என்று நினைத்தாள். 'வேண்டாம்'.

காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. கருகிய வாடை. அவள் எழவில்லை, ஏனென்றால் அடுத்தது வந்துவிட்டது. பேருந்துக்கு அத்தனை சீக்கிரம் ஊர் வந்து சேர முடியாது.

மாடிப்படியின் எதிரொலி. மேலே ஏறும் லிப்ட். லிப்ட் கதவு ஒருமுறை மோதி, மூடாமல் திரும்பி, மறுபடியும் மோதியது. அப்படி மோதுகிற கதவு ஒன்றை அவளுக்குத் தெரியும். தினமும் அதில்தான் ஏறி இறங்குகிறாள். மூன்றாம் மாடி நாய் குரைத்தது. குரைப்பு நடுவில் அறுந்து, முனகலாகி, நின்றது.

"பால். கெட்டு. கெட்டு."

குரல் இப்போது அடையாளம் தெரிந்தது. ஒரு குரல் இல்லை. 'பால்' டெட்டோவோ ஊர் மருந்துக்கடைக்காரருடையது. 'கெட்டு' ஓஹ்ரிட் பள்ளி டீச்சருடையது. காலையில் அவளே ஏற்றிய குரல்கள். வெட்டி எடுத்து ஒட்டியிருந்தது.

மெதோடிக்குப் போன் போட்டாள். வெகுநேரம் அடித்தபிறகு எடுத்தார்.

"மாமா, அங்க நம்ம சர்வர் பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"எந்தச் சர்வரும்மா?" இருமல். "உன் பெட்டியைத்தானே சொல்ற? அது இன்னும் பஸ் ஸ்டாண்டு லக்கேஜ் ரூம்ல கெடக்கு. நான் காய்ச்சல்ல படுத்தவன் எந்திரிக்கவே இல்ல. கோவிச்சுக்காத, நாளைக்குப் போய் எடுத்து மாட்டிடறேன்."

"அப்ப இதை யாரு ஓடவிட்டது?"

"எதை?"

அவள் போனை வைத்தாள். திரையில் சர்வர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம் இல்லை, மெதோடி இல்லை, வேறு யாரோ இடம் கொடுத்திருக்கிறார்கள். நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். இனி ஒரு விசையை அழுத்தினால் போதும். அழுத்தினால், எங்கே இருக்கிறதென்றே தெரியாத அதை மறுபடி ஓடவிட முடியாது; அத்தனை குரலும் போகும். ஸ்டோயானின் கணினி ஊமையாகும். அவன் வேலை, அவன் கடிதங்கள், அவன் படிக்கும் புத்தகம். விரல் விசைமேல் நின்றது. எடுத்துவிட்டாள்.

புதுப் பதிவு.

ஒரு குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம். நடுவில் 'டொக்' என்று ஒரு தட்டல். மறுபடி 'டொக்'. அவள் ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் மெல்ல விலக்கினாள். முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த சமையலறையில், அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி.

டொக்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. "அப்ப இதை யாரு ஓடவிட்டது?" அவள் குரல். சமையலறையிலிருந்து கேட்டால் எப்படிக் கேட்குமோ அப்படி.

பிறகு அருகில், ஒட்டுப்போட்ட வாயால், முழுசாக:

"பால் கெட்டுப்போவதற்குள் காய்ச்சிவிட வேண்டும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கருகிய காபி வாடைக்குள் சூடேறிய இரும்பின் வாடை. கழுத்துமேல் ஒரு வெதுவெதுப்பான காற்று, விசிறி தள்ளுகிற காற்றுபோல, சீராக. போ. இங்கிருந்து போ. வேறு எங்கேயாவது போ. கை தானாகப் பாய்ந்தது.

'வேண்டாம்'.

காற்று நின்றது.

வாடை நின்றது. டொக். குளிர்சாதனப் பெட்டி மட்டும். வெறும் பெட்டி. அது போய்விட்டது. நெவேனாவுக்கு மூச்சு வந்தது, கண்ணில் நீர் வந்தது. அப்புறம்தான் திரையில் கீழே பச்சை எழுத்தில் இருந்ததைப் படித்தாள். குறிப்பு அனுப்பப்பட்டது. இன்னும் அமைதியான அறைக்குப் போய் மீண்டும் படிக்கவும்.

இன்னும் அமைதியான அறை.

"அண்ணா!"

நாற்காலி சாய்ந்தது. கதவைத் தட்டினாள். மெத்தை வைத்த கதவு சத்தத்தை விழுங்கியது. மேசைமேல் கணினி 'டிங்' என்றது. புதுப் பதிவு. அவள் பார்க்கவில்லை. தோளால் இடித்தாள். கதவு திறந்தது.

ஸ்டோயான் மைக் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். விளக்கு போடாத அறை. அவனுக்கு அது தேவைப்பட்டதில்லை. வாசல் வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்து, முகம் கன்றிச் சிவந்து, அடித்தொண்டையிலிருந்து கத்துகிறான்.

ஒரு சத்தமும் இல்லை. மூச்சுச் சத்தம்கூட.

சுவரோரம் இருந்த ஸ்பீக்கர் பேசியது. மருந்துக்கடைக்காரர் இல்லை, டீச்சர் இல்லை. ஒட்டுப்போடாத ஒரே குரல். சர்க்கரைக்குப் பதில் உப்பு விழும் என்று சிரித்த குரல்.

"பால் கெட்டுப்போவதற்குள் காய்ச்சிவிட வேண்டும்."

ஸ்டோயான் அவள் பக்கம் கையை நீட்டினான். வாய் அகலத் திறந்தபடியே இருந்தது.

"இப்ப சத்தம் இல்லையே, நேனா?" என்று ஸ்பீக்கர் கேட்டது. "சரிதானே?"