தொட்டி வண்டியை விற்ற கதை

பொடியின் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் சில நாள் சர்க்கரை இருக்கும், சில நாள் போல்ட்டும் நட்டும் இருக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு சக்கரம். அலமாரி மேல் பெட்ரோல் டேங்க். குளியலறை ஜன்னலில், சோப்புக்குப் பக்கத்தில், ஒரு முன்விளக்கு.

"குளிக்கும்போது யாரோ முறைச்சுப் பாக்கிற மாதிரியே இருக்கு" என்பாள் அம்மா.

எல்லாம் ஒரே வண்டியின் பாகங்கள்.

கூடத்தின் நடுவில் அந்த வண்டி எலும்பும் தோலுமாக நின்றது. பழைய மோட்டார் சைக்கிள். அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓட ஒரு தொட்டி. தொட்டிக்கு ஒரு சக்கரம், ஒரு குட்டிக் கதவு, உள்ளே ஒரே ஒரு ஆள் உட்கார ஓர் இருக்கை. சைடு கார் என்று சொல்வார்கள். பொடி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைத் தொட்டி என்றாள். வீட்டில் அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

பொடிக்குப் பத்து வயது. வகுப்பிலேயே குள்ளம், அதனால் பொடி. அந்த இருக்கை அவளுக்குத்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

"வண்டி முடிஞ்ச அன்னைக்கே உன்னை இதுல உக்கார வச்சு ஸ்கூல் வாசல்ல கொண்டு போய் இறக்கறேன். வாட்ச்மேன் எழுந்து நிக்கணும்."

அப்பா மரம் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். துருப்பிடித்துக் கிடந்த வண்டியை வாங்கி வந்து, விடுமுறை நாளெல்லாம் அதோடு மல்லுக்கட்டினார். பொடி பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாளால் துருவைத் தேய்ப்பாள். அப்பா ஏதாவது கேலி பேசிக்கொண்டே இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் இருவரும் கறுப்புக் கையோடு போய் அம்மாவிடம் திட்டு வாங்குவார்கள்.

போன மழைக்காலத்தில் பட்டறை ரம்பம் அப்பாவின் இடது கையைப் பிடித்துவிட்டது. கையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் கிளட்சை அழுத்துவது இடது கை. அது பொடிக்கே தெரியும்.

இப்போது அப்பாவுக்கு அதே பட்டறையில் கேட் திறந்து விடும் வேலை. கேலிப் பேச்சு போய்விட்டது. தேநீர் சூடாக இருந்தாலும் கோபம், ஆறியிருந்தாலும் கோபம். வண்டியில் ஒரு திருகைக்கூட அவர் தொடவில்லை. அதன்மேல் தூசி ஏறியது.

ஒரு சனிக்கிழமை பழைய இரும்பு வியாபாரி வந்தார். அம்மாதான் வரச் சொல்லியிருந்தாள். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, தர்ப்பூசணி வாங்குகிறவர் மாதிரி அங்கங்கே தட்டிப் பார்த்தார்.

"இன்ஜின் தனியா போகும். சக்கரம் தனியா போகும். இந்தத் தொட்டி எதுக்கும் உதவாதும்மா. உடைச்சுத் தகடா எடுத்துக்கறேன்."

தொட்டிக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பொடி தலையைத் தூக்கினாள்.

"நான் இறங்கினதுக்கு அப்புறம்தானே?" என்று கேட்டாள்.

வியாபாரி திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். அங்கே அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

"விக்கறதா யார் சொன்னது? நீங்க கிளம்புங்க" என்றார் அப்பா. குரலை உயர்த்தவே இல்லை. வியாபாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

"வீட்டுல நடக்க இடமில்ல" என்றாள் அம்மா. "எத்தனை நாளாச்சு நீங்க அதைத் தொட்டு?"

"தொடுவேன்."

"எப்ப?"

"கை சரியானதும்."

அம்மா அவருடைய இடது கையைப் பார்த்தாள். கை இதற்குமேல் சரியாகாது என்று டாக்டர் சொன்னபோது மூன்று பேரும்தான் அங்கே இருந்தார்கள்.

"பொடிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார் அப்பா. "அவளுக்காகத்தான் வச்சிருக்கேன். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டது பொடி.

"சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு உங்கப்பா கிட்ட சொல்லு." அப்பா கை எட்டும் தூரத்தில்தான் இருப்பார்.

"பசிக்கலன்னு உங்கம்மா கிட்ட சொல்லு."

கொஞ்ச நாள் பொடி சொன்னதைச் சொன்னபடி சொல்லிப் பார்த்தாள். அலுத்துப்போனதும் கொஞ்சம் மாற்றிச் சொன்னாள்.

"அம்மா, குழம்பு வாசனையே ஆளைத் தூக்குதுன்னு அப்பா சொல்றார்."

"அப்படியா சொன்னார்?"

"நான் அப்படிச் சொல்லலன்னு சொல்லு" என்றார் அப்பா.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். "இவ பேரைச் சொல்லித்தானே அதை வச்சிருக்கு. இவளையே கேட்டுடலாம். பொடி, வண்டி இருக்கணுமா, விக்கலாமா?"

"பயப்படாம சொல்லு" என்றார் அப்பா. "நீ சொல்றதுதான் முடிவு."

பொடி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம். அப்பாவைப் பார்த்தாள். அவர் இடது கையை மேஜைக்கு அடியில் வைத்திருந்தார்.

"எனக்குத் தெரியல" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

பொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் இரண்டு பேரால் முடிக்க முடியாததை அவள் தலையில் கட்டிவிட்டு, அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டது. பொடி வீட்டு வாசலுக்கு வந்தவள் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து நின்றுவிட்டாள்.

வீட்டில் அம்மா இல்லை. வேலை முடிந்து வந்திருந்த அப்பா, இருக்கை இல்லாத வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். இடது கை கிளட்ச் பிடியின் மேல் இருந்தது. மடங்காத மூன்று விரல்களையும் வலது கையால் ஒவ்வொன்றாகப் பிடித்து, பிடியைச் சுற்றி வளைத்தார். சின்னக் குழந்தைக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது மாதிரி. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். பிடி அசையவில்லை. விரல்கள் நழுவின. மறுபடியும் எடுத்து வைத்தார். மறுபடியும் நழுவின.

வண்டி முழுக்கத் தூசி. அந்தப் பிடி மட்டும் பளபளவென்று இருந்தது.

தினமும் இதைத்தான் செய்கிறார் என்று பொடிக்குப் புரிந்தது. அப்பா கத்தியிருந்தால், வண்டியை எட்டி உதைத்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. அவர் ஒன்றுமே சொல்லாமல் மறுபடி மறுபடி விரல்களை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் சத்தமில்லாமல் தெருமுனை வரை திரும்பிப் போனாள். பிறகு செருப்பைத் தேய்த்துக்கொண்டு, பெரிதாக இருமிக்கொண்டு வந்து, கதவைத் தேவைக்கு மேல் வேகமாகத் தள்ளினாள்.

அப்பா ஜன்னல் ஓரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வண்டியை வித்துடலாம்."

அவர் திரும்பினார். "அம்மா சொல்லச் சொன்னாளா?"

"இல்ல."

"அப்ப உனக்கு வேண்டாமா?"

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் பொய் சொன்னால் பொடிக்குக் காது சிவந்துவிடும்.

"வேணும்ப்பா. ரொம்ப வேணும்" என்றாள். "ஆனா எனக்காக வச்சிருக்க வேண்டாம். நீங்க வாக்குக் குடுத்ததை நானே திருப்பிக் குடுத்துடறேன்."

"என்னால ஓட்டவே முடியாதுன்னு நீயும் முடிவு பண்ணிட்டே. அப்படித்தானே?"

"அந்தப் பிடியை அழுத்தும்போது வலிக்குதுல்லப்பா?"

அப்பாவின் முகம் ஒரேயடியாக மாறியது.

"ஒளிஞ்சிருந்து பாக்கறதெல்லாம் எங்க கத்துக்கிட்டே? உள்ள போ. என் கண்ணு முன்னாடி நிக்காதே."

பொடி உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாதி அழுகை, பாதி கோபம். தனக்கு உயிருக்கு உயிரானதை வேண்டாம் என்று சொல்லப் போனால், அதற்கும் திட்டு.

அப்பா பொடியிடமும் பேச்சை நிறுத்திவிட்டார். அதில் ஒரு சிக்கல் வந்தது. வீட்டில் தூது போக ஆளில்லை. சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றியவர், கடைசியில் சமையலறை வாசலில் வந்து நின்று அம்மாவிடம் நேராகவே சொல்ல வேண்டியதாயிற்று.

"வித்துடலாம். ஆனா உடைக்கிறவங்களுக்கு இல்ல. ஓட்டறவங்களுக்கு."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "சரி" என்றாள்.

பலரும் வந்து பார்த்தார்கள். அப்பா யாருக்கும் தலையாட்டவில்லை. கடைசியாக வந்தது பஸ் ஓட்டும் ஒரு பெண். இரவல் வாங்கிய சின்ன லாரியில், ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகத் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். எழுந்தபோது தலைமுடியில் எண்ணெய்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க. பாதியில ஏன் விக்கறீங்க?"

அம்மாவும் பொடியும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"என்னால ஓட்ட முடியாது" என்றார் அப்பா. அந்த வீட்டில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் உச்சுக்கொட்டவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. "மிச்சத்தை நான் முடிக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு மகளைப் பார்த்து, "வா, இதுல உக்காரு பாக்கலாம்" என்றாள்.

"மாட்டேன். இது குப்பைத்தொட்டி" என்றது சின்னப் பெண். "நாத்தம் அடிக்குது."

பொடிக்குச் சுருக்கென்றது. அப்படியே அதன் காதைத் திருகலாம் போல இருந்தது.

பஸ் ஓட்டுகிறவள் பெருமூச்சு விட்டாள். "இவளுக்காகத்தான் தொட்டி வச்ச வண்டியாத் தேடினேன். உக்கார மாட்டான்னா எதுக்கு? தொட்டியைக் கழட்டி வச்சுக்குங்க. வண்டி மட்டும் போதும்."

அப்பா சட்டென்று பொடியைப் பார்த்தார். அவள் பக்கம் அவர் திரும்பியே பல நாள் ஆகியிருந்தது.

"தொட்டியை மட்டும் நாம வச்சுக்கலாமா, பொடி? அது உனக்குத்தானே?"

வச்சுக்கலாம் என்ற சொல் பொடியின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதில் உட்கார்ந்து படிக்கலாம், தூங்கலாம். அப்புறம் அவள் அப்பாவை நினைத்துப் பார்த்தாள். தினமும் வேலையிலிருந்து வருவார். கூடத்தில் வெறும் தொட்டி நிற்கும். வண்டி இல்லாத தொட்டி எங்கே போகும்? அப்பாவும் அதன் பக்கத்திலேயே நின்றுவிடுவார்.

அவள் சின்னப் பெண்ணின் முன்னால் போய்க் குந்தினாள்.

"நாத்தம் அடிக்கிறது நிஜம்தான். உள்ள ஒரு எலிக் குடும்பம் இருந்துச்சு."

சின்னப் பெண்ணின் வாயிலிருந்து விரல் வெளியே வந்தது. "எலியா? இப்ப எங்க?"

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். ரொம்ப வருத்தத்தோட போச்சு. ஏன் தெரியுமா? இதுல போனா ரோடு இவ்வளவு கிட்ட ஓடும். தெருநாய் மூஞ்சியும் உன் மூஞ்சியும் நேருக்கு நேரா வரும். வளைவுல திரும்பும்போது வயித்துக்குள்ள யாரோ கிச்சுகிச்சு மூட்டுவாங்க. பஸ்ல போறவங்க எல்லாரும் உன்னைத்தான் எட்டிப் பாப்பாங்க."

"நீ போயிருக்கியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருக்கேன்."

அவள் குட்டிக் கதவைக் கொஞ்சம் தூக்கி இழுத்தாள். அப்படி இழுத்தால்தான் அது திறக்கும். சின்னப் பெண் ஏறி உட்கார்ந்தது. பொடி தொட்டியைப் பிடித்து ஆட்டினாள், வாயாலேயே இன்ஜின் ஓட்டினாள், வளைவில் சாய்த்தாள்.

"இன்னொரு தடவை" என்றது சின்னப் பெண். அப்புறம் இறங்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. சாக்லேட் காட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது.

வீடு முழுக்கத் தேடிப் பாகங்களைச் சேர்த்தார்கள். வண்டியும் தொட்டியும் லாரியில் ஏறின. அப்பா தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"முடிஞ்சதும் ஓட்டிட்டு வந்து காட்டறேன்" என்றாள் பஸ் ஓட்டுகிறவள்.

"வேண்டாம்" என்றார் அப்பா. "நல்லா ஓட்டுங்க. அது போதும்."

லாரி போய்விட்டது. வெறிச்சென்று கிடந்த கூடத்தின் நடுவில் கறுப்பாக ஒரு பெரிய எண்ணெய்க் கறை. அப்பா அதன் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார். பொடி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"கோவமா இருக்கியா?" என்றார் அப்பா.

"ஆமா."

"யார் மேல?"

"அந்தப் பொண்ணு மேல. ரம்பத்து மேல. உங்க மேலயும். அன்னைக்குத் திட்டினீங்க."

"திட்டினேன். திட்டியிருக்கக் கூடாது." அவர் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் கோவமாத்தான் இருக்கு, பொடி. எப்பப் போகும்னு தெரியல."

"சரிப்பா" என்றாள் பொடி. கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அம்மா சோப்புத் தண்ணீர் வாளியும் பழைய துணிகளுமாக வந்து, அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஆளுக்கொரு துணியைப் போட்டாள். மூன்று பேரும் தேய்த்தார்கள். வாளித் தண்ணீர்தான் கறுத்தது. கறை முழுதாகப் போகவில்லை.

ஆனால் மூன்று பேரும் கால் நீட்டி உட்கார இடம் இருந்தது.