அடைபடாத ஒரு சாண்

சுவரெல்லாம் கறுப்புக் கைகள்.

மொட்டைமாடி அறைக்குள் காலெடுத்து வைத்த இன்ஸ்பெக்டர் அம்மாள் முதலில் கண்டது பிணத்தை அல்ல, அந்தத் தடங்களைத்தான். மார்பு உயரத்தில் தொடங்கி, மூலைகளில் தடுமாறி, அறையைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தன. போகப் போகத் தாழ்ந்தன. கதவின் உட்புறமும் தப்பவில்லை. கைப்பிடியில் கறுப்பு அப்பிக் கிடந்தது. கதவோரச் சுவரடியில் ஸ்னூக்கர் கிளப்காரர் சுருண்டிருந்தார். விழிகள் அகலத் திறந்திருந்தன.

காலை 8.10. டாக்டர் எழுந்து கையுறையைக் கழற்றினார்.

"பாலிஷ் ஸ்பிரிட் குடிச்ச மாதிரி தெரியுது. உடனே ஒண்ணும் செய்யாது மேடம். மறுநாள் முதல்ல கண்ணு போகும். அப்புறம்தான் உயிர்."

"அப்போ இந்தக் கைகள்..."

"குருடா சுத்தியிருக்கார்."

கான்ஸ்டபிள் ஒருவர் சுவரை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

மேசைமேல் இரண்டு தாங்கிகளில் ஸ்னூக்கர் கோல் ஒன்று படுத்திருந்தது. பழைய வார்னிஷைச் சுரண்டி, மரத்தின் நுண்துளைகளில் கறுப்புப் பசை தேய்த்து அடைத்திருந்தார்கள். வெளிர் மரத்தில் ரேகைகள் அம்புமுனைகளாக எழுந்து நின்றன. கைப்பிடிக்குச் சற்று மேலே ஒரு சாண் இடத்தில் மட்டும் பசை படவே இல்லை. அங்கே ரேகைகள் செம்பழுப்பாக இருந்தன. பக்கத்தில் கவிழ்ந்து, கைபட்டு இழுகிய பசை டப்பா, ஆளிவிதை எண்ணெய் டின், பாதி காலியான ஸ்பிரிட் பாட்டில். தூசி வராமல் ஜன்னலை நாடா ஒட்டி அடைத்திருந்தார்கள்.

பிணத்தை முதலில் பார்த்தவன் கீழ்வீட்டில் இருக்கும், இறந்தவரின் தம்பி.

"கதவு எப்படி இருந்தது?"

"சும்மா சாத்தியிருந்தது. இழுத்தேன், வந்துடுச்சு."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"முந்தாநேத்து ராத்திரி. இங்கதான் சேர்ந்து குடிச்சோம். பாலிஷ் போடுறதுக்கு ஸ்பிரிட் வாங்கி வச்சிருந்தான். நான் போனப்புறம் போதையில பாட்டில் மாறிடுச்சு போல."

"நேத்து?"

"நேத்து பூரா வெளியூர் மேடம்."

"அவரோட போன்?"

"கீழே சார்ஜ்ல கிடந்தது."

அம்மா வீட்டுக்குப் போயிருந்த, இறந்தவரின் மனைவி 9.30க்கு வந்து சேர்ந்தாள். அவள் அழவில்லை. சுவரிலிருந்த ஒரு தடத்தின்மேல், தொடாமல், தன் கையை வைத்துப் பார்த்தாள்.

"அந்தக் கோல் யாரோடது?"

"மாமனாரோடது. ஆறு வருஷம் முன்னால படியில விழுந்து இறந்துட்டார். அந்த வாரமே கொழுந்தன் அதுக்குக் கனமா வார்னிஷ் அடிச்சு, கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டார். அப்பா ஞாபகமாம். இவர்தான் போன வாரம், ஆடாத கோல் வெறும் கட்டைன்னு சொல்லி எடுத்தார்."

"மறுபடியும் என்ன பூசப்போறதா சொன்னார்?"

"எண்ணெய் மட்டும்தான். வார்னிஷும் பாலிஷும் வேர்த்த கைய ஒட்டிப் பிடிக்கும், கோல் வழுக்கி ஓடாதும்பார். ஸ்பிரிட் வாடையே அவருக்கு ஆகாது."

"வேற ஏதாவது பேசினாரா?"

"முந்தாநேத்து சாயங்காலம் போன்ல குரலே சரியில்ல. தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும், கேக்கவும் பயமா இருக்குன்னார்."

இன்ஸ்பெக்டர் அம்மாள் வெளியே போய்த் தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு தம்பியை உள்ளே அழைத்தார்.

"எண்ணெய் பூசுறவருக்கு ஸ்பிரிட் எதுக்குங்க? மரவேலைன்னா ஸ்பிரிட் இருக்கும்னு நினைச்சு நீங்க கொண்டுவந்து வச்ச பாட்டில் இது. அதுல கொஞ்சத்தை மதுவோட கலந்து கொடுத்தீங்க."

"கதை கட்டாதீங்க மேடம்."

"கண்ணு தெரியாத மனுஷன் கதவைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டார். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கார். சும்மா சாத்தின கதவுன்னா வெளிய வந்திருப்பாரே? உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. வெளியில தாழ்ப்பாள் போட்டவரும் நீங்க. காலையில எடுத்தவரும் நீங்க."

தம்பியின் பார்வை தன்னையறியாமல் கோலின்மேல் போய் நின்றது.

"ஆமா, அதேதான். துளையை அடைக்கத் தெரிஞ்சவர் ஒரு சாணை ஏன் விட்டார்? வார்னிஷைச் சுரண்டினதும் துளைக்குள்ள ரத்தம் தெரிஞ்சிருக்கு. பசையால அதை மூட மனசு வரல. உங்க அப்பா படியில விழல. இந்தக் கோலால அடிபட்டுத்தான் விழுந்தார். லேப் சொல்லிடும்."

மனைவி சுவரில் சாய்ந்தாள். தடங்களில் ஒன்று அவள் தோளுக்குப் பின்னால் மறைந்தது.

"ஒரு கோபத்துல நடந்தது அண்ணி," என்றான் தம்பி. "கிளப்ல எல்லாரும் பார்க்க எனக்கு ஆடவே வராதுன்னு சொன்னார் அப்பா. முந்தாநேத்து அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டு, போலீஸ்ல நீயே போய்ச் சொல்லிடுன்னான். ரெண்டு நாள் டைம் குடுத்தான்."

"நேத்து எங்கே இருந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்தப் படியிலதான். எங்கேயும் போகல. அவன் தட்டினான். அப்புறம் கத்தினான். அப்புறம் மெதுவா, 'நீ மூச்சு விடுறது கேக்குதுடா. திறக்க வேணாம். இருட்டு பயமா இருக்கு, கிட்ட வந்து உட்காரு'ன்னான்."

மனைவி கேட்டாள்: "போனீங்களா?"

அவன் தலையை ஆட்டினான்.

"போனேன் அண்ணி. விடியுற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கதவைத்தான் திறக்கல."